நேர்ல அவ்ளோ அழகா இருந்த இடம் போட்டோல ஏன் டல்லா வருது? லேண்ட்ஸ்கேப் எடுக்கறவங்களுக்கு ஒரு கைடு

மலை மேல ஏறி நின்னு பாக்கறப்ப அப்படியே மூச்சு நிக்கற மாதிரி இருக்கும், அதையே வீட்டுக்கு வந்து ஸ்க்ரீன்ல பாத்தா தட்டையா, ஏதோ பஸ் ஜன்னல்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கும். லேண்ட்ஸ்கேப் போட்டோ எடுக்க ஆரம்பிக்கற எல்லாருக்கும் இது நடக்குது. உடனே தோணறது கேமரா பத்தல, லென்ஸ் பத்தல, புதுசு வாங்கணும்னுதான். வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க.

நம்ம கண்ணு ஒரு காட்சிய ஒரே நேரத்துல முழுசா பாக்கறதே இல்ல. ஒரு மரத்தப் பாக்கும், அப்புறம் மேகத்துக்கு தாவும், அப்புறம் தண்ணி, நடுவுல இருக்கற கரண்ட் கம்பி, காஞ்ச புதர், வெறும் மண்ணு இதெல்லாம் மனசு தானாவே கழிச்சி விட்டுடும், கூடவே காத்து, சத்தம், குளிர்னு எல்லாம் சேந்து ஒரு ஃபீல் குடுக்கும். கேமராவுக்கு இந்த வேலை எதுவும் தெரியாது, ஃப்ரேமுக்குள்ள என்ன இருக்கோ அத்தனையையும் ஒரே மாதிரி பதிவு பண்ணிடும். அப்போ மனசு சும்மா செஞ்ச அந்த கழிக்கற வேலைய நாமதான் செய்யணும், எங்க நிக்கறது, எப்போ எடுக்கறது, என்ன செட்டிங், எடிட்டிங்ல எதத் தொடறதுனு எல்லாமே இதுல இருந்துதான் வருது.

அதனால முதல் பழக்கம் இது. கேமராவ வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி, எதப் பாத்து நின்னோம்னு ஒரு வரில சொல்லிப் பாருங்க, வாய் விட்டு சொன்னாலும் தப்பில்ல. "அந்த ஒத்த மரத்து மேல மட்டும் வெயில் விழுது", "ஆறு வளைஞ்சு போய் மலைக்குப் பின்னாடி காணாம போகுது", இந்த மாதிரி. "எல்லாமே சூப்பரா இருக்கு" அப்படினு பதில் வந்தா இன்னும் போட்டோ கிடைக்கலனு அர்த்தம், இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும். அந்த ஒரு வரி கிடைச்சிட்டா அதுக்கு உதவாத எதுவும் ஃப்ரேம்ல இருக்கத் தேவையில்ல.

அமெரிக்க லேண்ட்ஸ்கேப் போட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் 1927ல அங்க இருக்கற யோசமிட்டி பூங்காவுல ஹாஃப் டோம் பாறைய எடுத்தாரு. கைல மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு கண்ணாடி பிளேட், கறுப்பு வெள்ளை போட்டோ அதுலதான் பதிவாகும். முதல் பிளேட்ட மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்துட்டாரு, எடுத்த அப்புறம்தான் வானம் வெளிறிப் போயிடும், அந்தப் பாறையோட கனம் போட்டோல வராதுனு தோணிருக்கு, கடைசி பிளேட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர் போட்டாரு, நீல வானம் கிட்டத்தட்ட கறுப்பா வந்து பாறை மட்டும் தனியா நிக்குது. அந்த இடத்துல வானம் கறுப்பா இல்ல, ஆனா அவருக்கு தோணுனது அப்படித்தான், என்ன வேணும்னு முதல்ல முடிவு பண்ணாரு, அதுக்கேத்த ஃபில்டர அப்புறம் தேடுனாரு. இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

சரி இப்ப எங்க நிக்கறதுனு பாப்போம், என்னைக் கேட்டா மொத்த விஷயத்துல பாதி இதுதான். வியூ பாயிண்ட்ல எல்லாரும் ஒரே இடத்துல, நின்ன உயரத்துலயே, கைப்பிடிக் கம்பிய ஒட்டி நின்னு எடுப்பாங்க, அதனால எல்லா போட்டோவும் ஒரே மாதிரி இருக்கும். நீங்க முட்டி போட்டு உக்காருங்க, இல்லனா இன்னும் கீழ போங்க, முன்னாடி இருக்கற பாறையோ புல்லோ பூவோ பெருசாகி, பின்னாடி இருக்கற மலையோட சேந்து ஆழம் தெரிய ஆரம்பிக்கும். சில நேரம் இதுக்கு நேர்மாறா கொஞ்சம் மேல ஏறணும், உதாரணத்துக்கு ஏரிக்கரைல கண்ணு உயரத்துல நின்னா தண்ணி ஒரு மெல்லிசான கோடாத்தான் தெரியும், பத்தடி மேல ஏறுனாலே அதோட வடிவம் தெரியும்.

ஜூம் பண்றதும் நடந்து கிட்ட போறதும் ஒண்ணுனு நிறைய பேர் நினைக்கறாங்க. ஒண்ணு கிடையாது. முன்னாடி இருக்கற பொருளுக்கும் பின்னாடி இருக்கற மலைக்கும் உள்ள அளவு வித்தியாசத்த முடிவு பண்றது நீங்க நிக்கற தூரம் மட்டும்தான், லென்ஸ் அதுல இருந்து எவ்ளோ பகுதிய வெட்டி எடுக்குதுங்கறதுதான் ஜூம். மலை பெருசா தெரியணும், மரமும் அதே ஃப்ரேம்ல இருக்கணும்னா மரத்த விட்டு நல்லா பின்னாடி நடந்து போய் டெலிஃபோட்டோல, அதாவது தூரத்துல இருக்கறத பெருசா காட்டற லென்ஸ்ல எடுங்க. பாறை பிரம்மாண்டமா இருக்கணும், மலை பின்னாடி சின்னதா இருந்தா போதும்னா அகலமா காட்டற வைட் லென்ஸ்ல பாறைக்கு ஒரு மீட்டர் கிட்ட போங்க. வைட் லென்ஸ்னாலே லேண்ட்ஸ்கேப்னு ஒரு எண்ணம் இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, 16 எம்எம்ல (இந்த எம்எம் நம்பர்தான் ஃபோகல் லெங்த், குறைய குறைய வைட், ஏற ஏற டெலிஃபோட்டோ) எடுத்தா தூரத்து மலை எறும்பு மாதிரி ஆகிடும், முன்னாடி வலுவா ஒண்ணும் இல்லனா போட்டோ முழுக்க வெறும் தரையும் வெறும் வானமும்தான் இருக்கும். பனிமூட்டத்துல அடுக்கடுக்கா தெரியற மலை வரிசைக்கெல்லாம் 70ல இருந்து 200 எம்எம் தான் சரி.

நின்ன இடத்துல இருந்து ரெண்டு அடி இடது, ரெண்டு அடி வலது நகந்து பாருங்க. மரத்தோட உச்சி பின்னாடி மலை விளிம்ப தொட்டும் தொடாம ஒட்டிட்டு இருந்தா ரெண்டும் ஒண்ணா கலந்துடும், கொஞ்சம் இடைவெளி விட்டாதான் தனித்தனியா நிக்கும், இல்லனா நல்லா தெளிவா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும். லேசா உரசிட்டு நிக்கறதுதான் கண்ண உறுத்தும். இது புதுசா எடுக்கறவங்க கவனிக்கவே கவனிக்காத விஷயம், ஆனா ஒரு போட்டோ ஏன் நெருக்கடியா இருக்குனு தேடுனா பாதி நேரம் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

ட்ரைபாட், அதாவது மூணு கால் ஸ்டாண்ட் இருந்தா இந்த நேரத்துல அத பையிலயே வைங்க. ட்ரைபாட விரிச்சிட்டா அப்புறம் நகர மனசு வராது, அது இருக்கற இடம்தான் போட்டோ எடுக்கற இடம்னு ஆகிடும். கைல கேமராவ வெச்சே எடுத்துப் பாத்து இடத்தையும் உயரத்தையும் முடிவு பண்ணிட்டு கடைசியா ட்ரைபாட அங்க கொண்டு வாங்க.

ஷட்டர் அமுக்கறதுக்கு முன்னாடி ஃப்ரேமோட நாலு ஓரத்தையும் ஒரு சுத்து சுத்திப் பாருங்க. பாதியா வெட்டுப்பட்ட கிளை, மூலைல பளிச்சுனு ஒரு வெள்ளை, யாரோ போட்ட பிளாஸ்டிக் கவர், அடுத்த ஆளோட நிழல், இதெல்லாம் ஓரத்துலதான் ஒளிஞ்சிருக்கும். பிளாஸ்டிக் கவர எடுத்து பையில போட்டுக்கலாம், இடமும் சுத்தமாகும்.

ஹரைசன், அதாவது வானமும் தரையும் சேர்ற கோடு, நேரா இருக்கணும், முக்கியமா கடல்லயும் ஏரிலயும், கேமராலயே லெவல் கோடு இருக்கும் ஆன் பண்ணி விடுங்க. ஃப்ரேம மூணா பிரிச்சு அந்த கோட்டு மேல முக்கியமானத வைக்கற மூணுல ஒரு பங்கு விதி எல்லாரும் சொல்றதுதான், ஆரம்பத்துக்கு நல்ல உதவி, ஆனா அத விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு, வானம் நல்லா இருக்கா தரை நல்லா இருக்கா? வானத்துல ஒண்ணுமே இல்லாத வெறும் வெள்ளையா இருந்தா அத ஒரு சின்ன பட்டையா குறைச்சிடுங்க, இல்ல மொத்தமாவே வெட்டிடுங்க. மேகம் அட்டகாசமா இருந்தா கீழ தரைக்கு கொஞ்சூண்டு இடம் போதும். பிரதிபலிப்பு அப்படியே கண்ணாடி மாதிரி விழுந்தா ஹரைசன நடுவுலயே வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அடுத்தது வெளிச்சம். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா எல்லாமே பளிச்சுனு தெரியும் ஆனா நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னாடி மறைஞ்சு போய் தட்டையா இருக்கும். பக்கவாட்டுல இருந்து வந்தா ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் விழும், மணல்மேடு, பாறை, வயல் வரப்பு எல்லாத்துக்கும் சொரசொரப்பு தெரியும், ஆழம் வர்றது இங்கதான். எதிர்ல இருந்து வந்தா இலை, புல், மூடுபனி எல்லாம் ஓரத்துல மின்னும், ஆனா எக்ஸ்போஷர், அதாவது எவ்ளோ வெளிச்சம் பதிவாகணும்னு வைக்கறது கஷ்டம். உச்சி வெயில்ல நிழல் நேரா கீழ விழுறதால பெரும்பாலான இடம் கடுமையா, வெளுத்து தெரியும்.

காலைலயும் சாயங்காலமும் ஏன் மஞ்சளா இருக்குனா, சூரியன் தாழ்வா இருக்கறப்ப வெளிச்சம் ரொம்ப நீளமா காத்து வழியா வரவேண்டி இருக்கு, வழில நீல நிறம் அதிகமா சிதறிப் போயிடுது, மிச்சம் வர்றது சிவப்பும் மஞ்சளும். இந்த மஞ்சள் வெளிச்ச நேரத்துக்கு கோல்டன் ஹவர்னு பேருதான், எல்லா இடத்துலயும் ஒரு மணி நேரம் இருக்கும்னு நம்பிப் போயிடாதீங்க. வானத்துல சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, பூமத்திய ரேகை பக்கத்துல அது கிட்டத்தட்ட செங்குத்தா இறங்கறதால 6 டிகிரி உயரத்துல இருந்து ஹரைசன தொட சுமார் 24 நிமிஷம்தான் ஆகும், 60 டிகிரி அட்சரேகைல பகலும் இரவும் சமமா இருக்கற நாள்ல அதே தூரத்துக்கு கிட்டத்தட்ட இரு மடங்கு ஆகும், சரிவா இறங்குது இல்லையா அதான். அதனால நீங்க இருக்கற இடத்துக்கும் மாசத்துக்கும் ஏத்த மாதிரி கணக்குப் போடணும். சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் இடத்த சுத்திப் பாத்து ஃப்ரேம முடிவு பண்ணிடுங்க, வெளிச்சம் வந்த அப்புறம் ஓடுனா ஒண்ணும் கிடைக்காது.

சூரியன் மறைஞ்ச உடனே எல்லாரும் கிளம்பிடுவாங்க. நீங்க இருங்க, இன்னும் அரை மணி நேரம் இருங்க. மேல ரொம்ப உயரத்துல இருக்கற மெல்லிசான மேகத்துக்கு அடியில இருந்து வெளிச்சம் படறது சூரியன் கீழ போன அப்புறம்தான், பல நேரம் நல்ல கலர் அப்பதான் வரும். அப்படியே திரும்பி எதிர் பக்கமும் பாருங்க, வானம் தெளிவா இருந்தா கீழ நீலம் கலந்த சாம்பல் கலர்ல ஒரு பட்டை, அதுக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு பட்டை தெரியும், கீழ இருக்கறது பூமியோட நிழல், மேல இருக்கற ரோஸுக்கு வீனஸ் பெல்ட்னு பேரு. சூரியனப் பாத்துட்டே நிக்கறவங்க இத பாக்கறதே இல்ல, எனக்கு இது சூரிய அஸ்தமனத்த விட பிடிக்கும், அவ்ளோ மென்மையான கலர்.

மேகமூட்டமான நாள்னா வீட்லயே இருந்துடாதீங்க. காடு, அருவி, பாசி, பூ இதுக்கெல்லாம் அதுதான் சரியான வெளிச்சம், வெயில்ல காட்டுக்குள்ள எடுத்தா வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டுமா சிதறிக் கிடக்கும், மேகம் இருந்தா எல்லாம் ஒரே சீரா இருக்கும், கலரும் நல்லா வரும். வானத்த மட்டும் ஃப்ரேம விட்டு வெளிய வைங்க. மழை விட்ட உடனே காத்து கழுவி விட்ட மாதிரி இருக்கறதால தூரத்து மலை கூட தெளிவா தெரியும், மேகம் உடைஞ்சு நடுவுல வெயில் கீத்து விழுந்தா அதுக்கு ஈடே கிடையாது. மூடுபனி வேணும்னா காத்தில்லாத, வானம் தெளிவா இருந்த இரவுக்கு அடுத்த விடியல்ல பள்ளத்தாக்கு, ஏரி, ஆத்தங்கரை பக்கம் போங்க. மூடுபனி கழிக்கற வேலைய நமக்காக தானே செஞ்சு குடுத்துடும், பின்னாடி இருக்கற குப்பை எல்லாம் மறைஞ்சு ஒரே ஒரு மரம் மட்டும் நிக்கும்.

சூரியன், நிலா எந்த திசைல எப்ப வரும்னு பாக்க போட்டோபில்ஸ் மாதிரி ஆப் இருக்கு, ராத்திரி வானத்துக்கு ஸ்டெல்லேரியம் இருக்கு, போறதுக்கு முன்னாடி நிலத்தோட அமைப்பப் பாக்க கூகுள் எர்த் போதும். ஹரைசன்ல மலை இருந்தா ஆப் சொல்ற நேரத்துக்கு முன்னாடியே வெயில் போயிடும், அதையும் கணக்குல வைங்க.

இப்ப செட்டிங்ஸ். ரா ஃபார்மேட்ல, அதாவது சென்சார் பதிவு பண்ணத அப்படியே வைக்கற ஃபைல்ல எடுங்க, இதுல மட்டும் யோசிக்கவே வேணாம். ஜேபெக்ல ஒவ்வொரு கலருக்கும் 256 படிதான், 14 பிட் ரா ஃபைல்ல 16,384 படி, வானத்தையோ நிழலையோ பின்னாடி சரி பண்றப்ப இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோடுல (லென்ஸ் துளையோட அளவ நாம வைப்போம், ஷட்டர் வேகத்த கேமரா பாத்துக்கும்) எஃப் 8 இல்ல எஃப் 11 (எஃப் நம்பர் ஏற ஏற துளை சின்னதாகும்), வெளிச்சத்த எவ்ளோ ஏத்திக் காட்டணும்னு சொல்ற ஐஎஸ்ஓ 100, இதுல ஆரம்பிங்க. எஃப் 22 வெச்சா எல்லாமே ஷார்ப்பா இருக்கும்னு நினைக்காதீங்க, துளை ரொம்ப சின்னதானா வெளிச்சம் வளைஞ்சு சிதறற டிஃப்ராக்‌ஷன் வந்து மொத்த படமும் லேசா மங்கிடும், கூடவே சென்சார்ல இருக்கற தூசி எல்லாம் வானத்துல புள்ளி புள்ளியா தெரியும். சூரியன் நட்சத்திரம் மாதிரி கதிரோட வரணும்னா மட்டும் எஃப் 16க்கு போங்க, சூரியன ஒரு கிளைக்கோ பாறை விளிம்புக்கோ பின்னாடி பாதி மறைச்சு எடுங்க. லென்ஸ் துளைய சுத்தி இருக்கற பிளேடு எட்டுனா எட்டு கதிர் வரும், ஏழுனா பதினாலு வரும்.

எக்ஸ்போஷருக்கு பின்னாடி இருக்கற ஸ்க்ரீன நம்பாதீங்க, இருட்டுல அது எதையும் பிரகாசமா காட்டும், வெயில்ல எதையும் இருட்டா காட்டும். ஹிஸ்டோகிராம, அதாவது இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம்னு படத்தோட பிரகாசத்த காட்டற வரைபடத்த பாருங்க. வலது ஓரத்துல போய் முட்டி நின்னா வெள்ளை வெந்து போச்சுனு அர்த்தம், அந்த இடத்துல டீட்டெயில் திரும்ப வராது, இருட்டு பகுதிய ஓரளவுக்கு மீட்டுடலாம். அதனால வெள்ளைய காப்பாத்திட்டு, அது வெந்து போகாத அளவுக்கு எவ்ளோ பிரகாசமா எடுக்க முடியுமோ எடுங்க. வானத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகமா இருந்தா பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சிய வேற வேற எக்ஸ்போஷர்ல எடுக்கற வசதிய போட்டு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்ல பாதி) நார்மல் ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் குறைச்சு ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் ஏத்தி ஒண்ணுனு மூணு எடுத்து அப்புறம் சேத்துக்கலாம். மூடுபனியும் பனிப்பொழிவும் இருந்தா கேமரா அத சாம்பல் கலராக்கப் பாக்கும், அதோட வெளிச்சம் அளக்கற மீட்டர் எல்லாத்தையும் நடுத்தர சாம்பலாத்தான் நினைக்குது, எக்ஸ்போஷர ப்ளஸ் 1 ஏத்திக்குங்க.

படத்தோட கலர் சாயல சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல இருந்தா சூரிய அஸ்தமனத்தோட மஞ்சள தப்புனு நினைச்சு குறைச்சிடும். டேலைட்ல வெச்சிடுங்க, ரால எடுக்கறப்ப அப்புறமும் மாத்திக்கலாம்தான், ஆனா ஸ்பாட்லயே கலர் சரியா தெரிஞ்சா முடிவெடுக்க உதவும்.

ஃபோகஸ் எங்க வைக்கறதுனு நிறைய பேருக்கு குழப்பம். முன்னாடி பாறையும் பின்னாடி மலையும் ரெண்டுமே தெளிவா வேணும்னா, ஹைப்பர்ஃபோகல் தூரத்துல வைக்கணும். ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமராவுல 24 எம்எம், எஃப் 11 வெச்சா அது சுமார் 1.8 மீட்டர், அங்க ஃபோகஸ் பண்ணா சுமார் 90 சென்டிமீட்டர்ல இருந்து முடிவிலி வரைக்கும் ஏத்துக்கற அளவுக்கு ஷார்ப்பா இருக்கும். ஏத்துக்கற அளவுதான், பெருசா பிரிண்ட் போடறதா இருந்தா தூரத்து மலை கொஞ்சம் சாஃப்டா தெரியும், அதனால நான் ஃபோகஸ அந்த கணக்க விட கொஞ்சம் தள்ளியே வைப்பேன். கணக்கெல்லாம் வேணாம்னா, முக்கியமா தெளிவா வேண்டிய கிட்டத்து பொருள் எவ்ளோ தூரத்துல இருக்கோ அதுக்கு ரெண்டு மடங்கு தூரத்துல ஃபோகஸ் பண்ணுங்க, எடுத்த உடனே ஜூம் பண்ணி முன்னாடியும் பின்னாடியும் செக் பண்ணுங்க.

கைல வெச்சு எடுக்கறதா இருந்தா ஷட்டர் ஸ்பீடு குறைஞ்சது ஒன்று கீழ் ஃபோகல் லெங்த், அதாவது 50 எம்எம்னா 1/50, க்ராப் சென்சார், அதாவது அத விட சின்ன சென்சார்னா 1/80. காத்துல இலை ஆடுதுனா ட்ரைபாட் இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஐஎஸ்ஓவ 800க்கு ஏத்தி 1/250 மாதிரி வேகமா எடுங்க. ஐஎஸ்ஓ ஏத்துனா நாய்ஸ், அதாவது மணல் தூவுன மாதிரி புள்ளி வரும்னு பயந்து ஆடிப்போன படத்த எடுத்துட்டு வர்றாங்க, நாய்ஸ குறைக்கலாம், ஆடுனத ஒண்ணும் பண்ண முடியாது. ட்ரைபாட்ல வைக்கறப்ப நடு கம்பத்த உயத்தாதீங்க, 2 செகண்ட் டைமர் போடுங்க, கை ஆட்டத்த குறைக்கற ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணுங்க.

ஃபில்டர்ல ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா போலரைசர் வாங்குங்க, ஏன்னா அது பண்றத எடிட்டிங்ல பண்ணவே முடியாது. ஈர இலை, பாறை, தண்ணி மேல இருக்கற பளபளப்ப எடுத்துடும், அடியில இருக்கற கலர் வெளிய வரும், மழைக்கு அப்புறம் காட்டுக்குள்ள போட்டுப் பாருங்க புரியும். வானத்துல சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கற பகுதிலதான் அதிகமா வேலை செய்யும், வைட் லென்ஸ்ல போட்டா வானம் ஒரு பக்கம் அடர் நீலமாவும் இன்னொரு பக்கம் வெளிறியும் திட்டு திட்டா வரும், அப்ப கழட்டிடுங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு ஸ்டாப் வரைக்கும் வெளிச்சம் குறையும். வானவில் எடுக்கறப்ப ஜாக்கிரதையா திருப்புங்க, ஒரு கோணத்துல வானவில்லே காணாம போயிடும்.

என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்த குறைக்கற கறுப்புக் கண்ணாடி, தண்ணிக்கு. 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்த சுமார் ஆயிரத்துல ஒரு பங்காக்கும், 1/30 செகண்ட் 34 செகண்ட் ஆகிடும். அருவிய ரொம்ப நேரம் ஷட்டர திறந்து வெச்சு எடுத்து பஞ்சு மாதிரி ஆக்கறது எல்லாருக்கும் பிடிக்குது, எனக்கு கால் செகண்ட்ல இருந்து ஒரு செகண்டுக்குள்ள எடுத்தா பிடிக்கும், தண்ணி மென்மையாவும் இருக்கும், எந்தப் பக்கம் ஓடுதுனும் தெரியும். கடல்ல அலை பின்வாங்கறப்ப அதே வேகத்துல எடுங்க, மணல்ல நுரை கோடு கோடா இழுத்துட்டு போறது கிடைக்கும்.

ஃபோன்ல எடுக்கறவங்களுக்கும் மேல சொன்னதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும். முதல்ல லென்ஸ தொடைங்க, பாக்கெட்ல இருந்து எடுக்கற ஃபோன்ல விரல் எண்ணெய் இருக்கும், எதிர் வெயில்ல புகை அடிச்ச மாதிரி வரும். ஸ்க்ரீன்ல அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணிட்டு ஸ்லைடர கொஞ்சம் கீழ இழுங்க, வானத்து கலர் நிக்கும். பெரும்பாலான ஃபோன்ல மெயின் லென்ஸ்தான் நல்ல லென்ஸ், 0.5 எக்ஸ் தேவைன்னா மட்டும். டிஜிட்டல் ஜூம் வேணாம். ஃபோன தலைகீழா புடிச்சா லென்ஸ் தரைய ஒட்டி வந்துடும், சின்ன தண்ணித் தேக்கம் கூட ஏரி மாதிரி பிரதிபலிக்கும், இத கண்டிப்பா செஞ்சு பாருங்க.

வெளிய போறப்ப சில விஷயம். கடல் பாறைல நிக்கறதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு நிமிஷம் அலைய சும்மா பாருங்க, நடுவுல ஒரு பெரிய அலை எங்க வரைக்கும் வருதுனு தெரியணும், கடலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க. இடி கேட்டா ட்ரைபாட மடிச்சுட்டு இறங்கிடுங்க, எவ்ளோ நல்ல மேகமா இருந்தாலும் சரி. பாறை விளிம்புல வியூஃபைண்டர்ல, அதாவது கண்ண வெச்சு பாக்கற கேமரா ஜன்னல்ல கண்ண வெச்சுட்டே பின்னாடி நகராதீங்க. டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் வழியா டெலிஃபோட்டோல சூரியன நேரா பாத்தா கண்ணு போயிடும். விடியல்லயும் அந்தியிலயும் நடக்கறதால தலைல மாட்டற லைட் கட்டாயம். பூவுக்குள்ள இறங்கி செடிய மிதிச்சு எடுக்கற போட்டோ எவ்ளோ நல்லா வந்தாலும் எடுக்கக் கூடாது. குளிர்ந்த இடத்துல இருந்து வெக்கையான ஈரக் காத்துக்கு வர்றப்ப கேமராவ பைக்குள்ளயே மூடி வெச்சு கொஞ்ச நேரம் விடுங்க, இல்லனா லென்ஸ் உள்ள வரைக்கும் நீர் கோத்துக்கும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஸ்பேர சட்டைக்குள்ள வைங்க.

ராத்திரி வானம் தனி பாடம், ஒண்ணு மட்டும் சொல்றேன், 500ஐ ஃபோகல் லெங்த்தால வகுத்தா எத்தனை செகண்ட் வரைக்கும் நட்சத்திரம் இழுபடாம இருக்கும்னு ஒரு தோராயம் கிடைக்கும், ஃபுல் ஃப்ரேம்ல 20 எம்எம்னா 25 செகண்ட், இப்ப வர்ற கேமராவுக்கு அதுலயும் கொஞ்சம் குறைச்சே வைங்க, அமாவாசைய ஒட்டி ஊர் வெளிச்சத்த விட்டு தள்ளிப் போங்க.

எடிட்டிங்ல அந்த முதல் ஒரு வரிய திரும்ப ஞாபகத்துக்கு கொண்டு வாங்க, மரத்து மேல வெயில் விழுறதுக்காகத்தான நின்னீங்க, அப்ப மரம் பிரகாசமா இருக்கணும், சுத்தி உள்ளது கொஞ்சம் அடங்கி இருக்கணும். ஹரைசன் நேராக்கி, க்ராப் பண்ணி, ஒயிட் பேலன்ஸ், ஹைலைட்ட (வெளிச்சமான பகுதி) கொஞ்சம் கீழ, ஷேடோவ (இருட்டான பகுதி) கொஞ்சம் மேல, இதுல பாதி படம் தயார். ஷேடோவ முழுசா தூக்கி எல்லா இருட்டையும் வெளிச்சமாக்கறாங்க பாருங்க, அங்கதான் படம் செத்துப் போகுது, பக்கவாட்டு வெயில் கஷ்டப்பட்டு குடுத்த ஆழத்த நீங்களே அழிக்கறீங்க, இருட்டு இருக்கட்டும். சாச்சுரேஷனுக்கு பதிலா வைப்ரன்ஸ் தொடுங்க, ஏற்கனவே அடர்த்தியா இருக்கற கலர அது அவ்ளோவா ஏத்தாது. மங்கல குறைக்கற டீஹேஸ் ஸ்லைடர் பத்துக்கு மேல போறப்ப ஒரு தடவ யோசிங்க. முக்கியமான இடத்த மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது தனியா தேர்ந்தெடுத்து, லேசா ஏத்தறது, ஓரத்துல பளிச்சுனு இருக்கறத லேசா இறக்கறது, இந்த ரெண்டும் மொத்த படத்துக்கும் ஸ்லைடர் இழுக்கறத விட நூறு மடங்கு நல்லது. வேற எங்கயோ எடுத்த வானத்த எடுத்து ஒட்டாதீங்க, தரைல விழுற நிழலும் வானத்து வெளிச்சமும் பொருந்தாம போகறது பாக்கறவங்களுக்கு ஏன்னு தெரியாமலே உறுத்தும். காசு செலவில்லாம டார்க்டேபிள், ரா தெரபி ரெண்டும் இருக்கு, ஃபோனுக்கு ஸ்னாப்சீட். முடிச்ச உடனே போடாம ஒரு நாள் விட்டு திரும்பப் பாருங்க, எவ்ளோ ஓவரா இழுத்திருக்கோம்னு அப்பதான் தெரியும்.

வேகமா முன்னேறணும்னா புது புது இடமா தேடி ஓடறத விட, நடந்து போற தூரத்துல இருக்கற ஒரு சாதாரண இடத்த எடுத்துக்குங்க, ஒரு குளமோ மேடோ மரக்கூட்டமோ போதும். அதையே விடியல்ல, மதியத்துல, மழைல, மூடுபனில, இலை கொட்டற காலத்துலனு திரும்ப திரும்ப போய் எடுங்க. புது இடத்துல இடமே புதுசா இருக்கறதால வெளிச்சத்த கவனிக்க மாட்டோம், பழகுன இடத்துல வெளிச்சம் மட்டும்தான் மாறும், அதனால அதுதான் கண்ணுல படும். சில நாள் ஒரே ஒரு ஃபோகல் லெங்த்த மட்டும் வெச்சுட்டு போங்க, ஜூம் பண்ண முடியலனா கால் தானா நடக்கும்.

எடுத்துட்டு வந்தத தேர்ந்தெடுக்கறப்ப ஸ்டாம்ப் சைஸ்ல சின்னதா வெச்சுப் பாருங்க, அந்த அளவுலயும் என்ன படம்னு சட்டுனு புரிஞ்சா கம்போசிஷன் நிக்குதுனு அர்த்தம். சந்தேகமா இருந்தா இடம் வலம் திருப்பிப் பாருங்க, பழகுன கண்ணு மறைச்ச குறை எல்லாம் தெரியும். ஒரு காட்சிக்கு ஒரு படம் போதும், அதே மாதிரி பத்து வேணாம். தேறாதத உடனே அழிக்காம தனி ஃபோல்டர்ல போட்டு வைங்க, தேறுனத ரெண்டு இடத்துல காப்பி எடுங்க, எடிட்டிங் கை நல்லா பழகுனதும் அந்த பழைய ஃபோல்டர திறந்து ரா ஃபைல் எல்லாத்தையும் இன்னொரு தடவ பாருங்க, அப்ப ஒதுக்கி வெச்சதுல ஒண்ணு ரெண்டு இப்ப தேறும்.